ஏழாங்கட்டைப் பெட்டி

இந்த அறையின் ஏர்கோன் சொட்டுவதற்குக் குளிரூட்டும் கேஸ் காரணமில்லை, இன்ஸ்பெக்டர் புவான். தண்ணீர் வெளியேறும் குழாயில் அழுக்கு அடைத்திருக்கிறது. யாரையாவது விட்டு அந்தக் குழாயில் ஒருமுறை பலமாக ஊதச் சொன்னால் நின்றுவிடும். நானே ஊதியிருப்பேன், ஆனால் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று உங்கள் ஆள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கதவையும் சாத்திவிட்டார். மூடிய அறையில் ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், அதற்கு நன்றி. மலாயில் சொன்னால் நான் சொல்வது வேறு மாதிரி ஆகிவிடும். நான் கெட்டவனாகத் தெரிவேன்.

என் பெயர் செபாஸ்டியன். மலாக்கா பாச்சாங்கில் அடுக்குமாடி வீடு. ஏர்கோன் மாட்டுவது, கழுவுவது, பழுது பார்ப்பது என் தொழில். மனைவி அருளம்மாள் காலமாகிவிட்டாள். மகள் ரெனீ ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் படிக்கப் போனாள். படிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன் என்றாள், வரவில்லை. வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். எதிர்வீட்டில் உஷாராணி அக்காவும் அவர் மகன் தினேஷ்வரனும் இருந்தார்கள். அக்கா இப்போதும் இருக்கிறார்.

முதலில் என் பேரில் உள்ள தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் ஒளித்து வைத்த பெட்டியை நான் இடம் மாற்றினேன். இந்த விளையாட்டில் அதைவிடக் கேவலமான காரியம் கிடையாது.

விளையாட்டு என்ன என்று கேட்பீர்கள். உலகம் முழுக்க ஆட்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை ஒளித்து வைக்கிறார்கள். எங்கே என்பதை இணையத்தில் எண்களாகப் போடுவார்கள். போனில் அந்த எண்களைத் தட்டினால் அது கிட்டத்தட்ட அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். அப்புறம் நம் கண்ணும் கையும்தான். பாலத்தின் அடியில் இருக்கும், மரப்பொந்தில் இருக்கும். உள்ளே ஒரு தாள் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

தினேஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஏணி இரவல் கேட்டு வந்தான். எதற்கு என்றேன். சொன்னான். நான் சிரித்தேன். பிறகு, ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று கூடவே போனேன். அன்றைக்கு ஏணியைப் பிடித்தவன்தான், அதற்குப் பிறகு அவனை விடவில்லை. ஞாயிறு காலையில் அவன் என் கதவைத் தட்டுவான். என் வேனில் கிளம்புவோம். வழியில் ரொட்டிச்சானாய்க் கடையில் பசியாறுவோம். மஸ்ஜித் தானா பக்கத்துக் கடற்கரை, மலாய்க் கம்பத்து ஆற்றோரம், பழைய சீனர் கல்லறைகள் என்று இந்த மாநிலத்தில் நாங்கள் குனிந்து பார்க்காத புதர் இல்லை. அருளம்மாள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்றே எனக்குத் தெரியாது. அவன் வந்த பிறகு திங்கட்கிழமையிலிருந்தே ஞாயிற்றை எதிர்பார்க்க ஆரம்பித்தேன். அவன் எனக்குப் பிள்ளை மாதிரி என்று சொல்ல மாட்டேன். பிள்ளை என்றால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவன் நண்பன்.

இந்த மாநிலத்தில் ஒரே ஒரு பெட்டிதான் யாருக்கும் அகப்படாமல் இருந்தது. சுங்கை ரம்பாய் போகும் வழியில், உள்ளே ஏழாம் மைலில், ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இருந்தது அது. மலாக்காவில் வேலை பார்த்த டென்மார்க்கு எஞ்சினியர் ஒருவர் பல வருஷங்களுக்கு முன் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் வைத்தபோது அது ரப்பர்ப் பால்மரத் தோட்டம். பிறகு மரங்களை வெட்டி, தொழிலாளர் லயங்களை இடித்து, எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். அவர் போட்ட எண்கள் சுமாராகத்தான் காட்டும், குறித்த அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்து தேடினார்கள், சிங்கப்பூரிலிருந்தும் வந்தார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அந்தத் தாளில் ஒரு கையெழுத்துகூட இல்லை, முதல் பெயர் தன் பெயராக இருக்க வேண்டும் என்பது தினேஷின் ஆசை.

சென்ற வருஷக் கடைசியில், ரொட்டிச்சானாய்க் கடையில் வைத்து அவன் சொன்னான்.

"அங்கிள், நியூசிலாந்துல வேல கெடச்சிருச்சு. விசாவும் வந்துருச்சு."

"நல்லது லா" என்றேன்.

"அம்மாவ அப்புறமா கூப்பிட்டுக்குவேன். ஆனா ஏழாங்கட்டைப் பெட்டிய எடுக்காம மட்டும் நான் பிளேன் ஏற மாட்டேன். நீங்க வேணும்னா பாருங்க."

இது அவன் வாயால் சொன்னது. நான் சொல்லச் சொல்லவில்லை. எடுக்காமல் போக மாட்டேன் என்றான், நான் அதை அப்படியே நம்பினேன்.

அந்தத் தோட்டம் நான் பிறந்த இடம். அப்பா அங்கே புகைக்கூடத்தில் வேலை பார்த்தார். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கும் கட்டடம் அது. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போதே பட்டணத்துக்கு வந்துவிட்டோம். அந்த இடத்தின் மேல் எனக்குப் பாசமெல்லாம் கிடையாது. ஆனால் குழாயடி எங்கே இருந்தது, லயம் எங்கே முடிந்தது என்பது காலுக்குத் தெரியுமே. வேலை நாள் ஒன்றில், ஒரு வாடிக்கையாளருக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். குழாயடித் தளத்தைப் பெரணிச் செடி மூடியிருந்தது. அதன் கீழே, உடைந்த சிமெண்டுத் தொட்டிக்குள், பச்சை இரும்புப் பெட்டி. திறந்தேன். தாள் வெள்ளையாக இருந்தது. சின்ன மரச்செருப்பு கோத்த சாவிக்கொத்து ஒன்றும் இருந்தது.

நான் கையெழுத்துப் போடவில்லை. முதல் கையெழுத்து அவனுடையது. பெட்டியை வேனில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்தவைதான் என் வாழ்க்கையிலேயே நல்ல ஞாயிறுகள், புவான். ஏழாங்கட்டைக்கு மட்டும்தான் போனோம். அவன் கத்தியால் புதரை வெட்டிக்கொண்டே போவான், நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போவேன். அட்டை கடித்தால் உப்பு வைத்து விடுவேன். இல்லாத இடத்தில் அவன் தேடுவதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் சிரிப்பு வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் தேடிக்கொண்டிருக்கும்வரை எங்கும் போகப்போவதில்லை. அருளம்மாளிடம் அவள் உயிரோடு இருக்கும்போது பேசாததையெல்லாம் அவனிடம் பேசினேன். அவன் கேட்டுக்கொண்டே வெட்டுவான்.

பிறகு ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கை முட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"கெடைக்கலன்னா போகுது அங்கிள். அடுத்த ஞாயிறு முடிஞ்சு வர்ற புதன்கெழமக்கி டிக்கெட் போட்டுட்டேன். அந்த ஞாயிறுதான் நமக்குக் கடைசி. வேற யாராச்சும் எடுத்துக்கட்டும் லா."

வாக்கு மாறியது அவன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் கோபப்படவில்லை. அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்கூட. என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

புகைக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயங்களை இடித்தவர்கள் அதை மட்டும் இடிக்கவில்லை. எதிரிலேயே முனியாண்டி மேடை இருக்கிறது. இடிக்க வந்த ஒப்பந்தக்காரர் மேடையைப் பார்த்துவிட்டு இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கனமான செங்கல் சுவர். ஜன்னல் கிடையாது. வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். கூரை ஓரத்தில் புகை போக வரிசையாகத் துளைகள். கீழே, மேடையைப் பார்த்தபடி, விறகு போடுகிற வாய் ஒன்று. அதில் ஒரு பூனை நுழையலாம், மனிதன் நுழைய முடியாது. கீழே காற்று புகுந்து மேலே வெளியேறும். காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன். என் தொழிலே அதுதானே. மூச்சு முட்டுகிற இடத்தில் ஒருவனை விடுகிற ஆள் இல்லை நான்.

சுற்றியிருந்த செம்பனைகள் வயதானவை. மறுநடவுக்காக, பட்டுப்போகட்டும் என்று அவற்றில் மருந்து ஏற்றி விட்டிருந்தார்கள். குலை வெட்ட அங்கே யாரும் வருவதில்லை.

தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன். உள்ளே ஒரு பாய், போர்வை, தண்ணீர்ப் புட்டிகள், பிஸ்கட்டு டின், கைவிளக்கு எல்லாம் வைத்தேன். பெட்டியைப் பின்சுவரோரம், ஷீட்டுகள் தொங்கவிடும் மரச்சட்டத்தின் மேல் வைத்தேன். அது இருந்த இடத்தில் அது இல்லை என்பது எனக்கு அப்போதும் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை நானே கேட்டேன்: "புகைக்கூடத்துல பாத்தோமா நாம?"

"அம்மா அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னிருக்காங்க அங்கிள். முனி எடம்."

"மத்தியானத்துல என்ன பயம்? நான் வாசல்ல நிக்கிறேன்."

அவன் சிரித்தான். போனான். சட்டத்தின் மேல் பச்சை நிறத்தைப் பார்த்ததும் "அலாமாக்!" என்று கத்தினான். ஓடி வந்து தன் போனை என் கையில் திணித்தான், வீடியோ எடுக்கச் சொல்லி. எடுத்தேன். திரும்ப உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தான். வெள்ளைத் தாளை விரித்து, முழங்காலில் வைத்து, தன் பெயரை எழுதினான். எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன். அவ்வளவு நாள் தேடியவனுக்கு அது சேர வேண்டியது இல்லையா? எழுதி முடித்து, என்னைப் பார்த்துத் தாளைத் தூக்கிக் காட்டினான்.

அப்புறம் கதவைச் சாத்தினேன்.

"அங்கிள், வெளயாடாதீங்க லா" என்றான். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டேதான் தட்டினான்.

விறகு வாயருகே குனிந்து, பாய் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்றெல்லாம் நிதானமாகச் சொன்னேன். புதன்கிழமை போகட்டும், திறந்துவிடுகிறேன் என்றேன். அவன் கேட்டதாகத் தெரியவில்லை, கதவை உதைத்துக்கொண்டிருந்தான். எனக்குத் தலை வலித்தது, வந்துவிட்டேன். அவன் போனை மலாக்கா சென்ட்ரலில் ஜொகூர் போகும் பஸ் ஒன்றில், இருக்கை இடுக்கில் செருகிவிட்டு, அவனை அங்கே இறக்கிவிட்டேன் என்று அக்காவிடமும் உங்களிடமும் சொன்னேன். நீங்கள் ஜொகூரில் தேடிக்கொண்டிருந்தது அதனால்தான். உங்களுக்கு வீண் அலைச்சல் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

புதன்கிழமை திறக்கத்தான் போனேன். என் வார்த்தையை நான் காப்பாற்றுகிறவன். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவன் உள்ளேயிருந்து பேசினான். குரல் கம்மியிருந்தது, ஆனால் மரியாதையாகப் பேசினான்.

"அங்கிள், தொறந்து விடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வழி தவறிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒருவன் எப்போது சொல்வான்? சொல்ல வேண்டிய காரியம் நடந்திருக்கிறது என்று நினைத்தால்தானே சொல்வான். திறந்தால் அவன் இனி என் வேனில் ஏற மாட்டான். ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்ட மாட்டான். எதிர்வீட்டிலேயே இருந்துகொண்டு என்னைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வான். விமானம் போய்விட்டது, ஆனால் அவனும் போய்விட்டான். நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன். அன்றைக்கு உண்மையில் மாட்டிக்கொண்டது யார், புவான்? அவனுக்கு ஒரு கதவுதான். எனக்குத் திறந்தாலும் வழியில்லை, சாத்தினாலும் வழியில்லை.

அதனால் முடிந்தபோதெல்லாம் போனேன். சோறும் குழம்பும் தூக்குச்சட்டியில் வைத்து, விறகு வாய் வழியாக உள்ளே தள்ளுவேன். அவனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் செய்து கொண்டுபோனேன். வெளியே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து பேசுவேன். சில நாள் திட்டுவான், சில நாள் அழுவான். ஒருநாள் அவன், "நான் எங்கயும் போகல அங்கிள். இங்கயே இருக்கேன். நாம எப்பவும் போல ஞாயித்துக்கெழம போலாம்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷமாக ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வராதா என்று ஏங்கியிருக்கிறேன். இன்னொரு தடவை சொல்லு என்றேன். சொன்னான். அன்றைக்கு அவன் உண்மையாகத்தான் சொல்கிறானா என்று தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நிச்சயமாகத் தெரியாமல் திறப்பது இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

இதற்கிடையில் உஷாராணி அக்கா உடைந்துபோனார். நான்தான் அவரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பையன் படம் போட்ட தாள்களைக் கடைத்தெருவில் ஒட்டியதும் நான்தான். அக்கா சாப்பிடுவதில்லை. நான் சமைத்ததில் ஒரு பங்கை அவருக்கும் கொண்டுபோய் வைப்பேன், தொடாமல் அப்படியே இருக்கும். ஒரு காலையில் என் வாசலில் வந்து நின்றார்.

"செபா, என்னைய ஏழாங்கட்டை முனிகிட்ட கூட்டிக்கிட்டுப் போ. நான் வாழ்க்கப்பட்டு வந்த எடம் அது. அதுகிட்ட கேட்டா அது காட்டும்."

நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அவர் விடவில்லை. நீ வராவிட்டால் கீழ்வீட்டுத் தங்கையாவை அழைத்துப் போகச் சொல்கிறேன் என்றார். தங்கையா சும்மா இருக்கிற ஆள் இல்லை. எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கிறவர். அதனால் நானே கூட்டிப் போனேன். மத்தியான வெயிலில் தினேஷ் தூங்குவான் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் கிளம்பினேன்.

நீங்கள் பட்டணத்தில் வளர்ந்தவர் போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். தோட்டத்து முனிக்கு ஒரு முறை உண்டு. தேங்காய் உடைத்து, சுருட்டைப் பற்ற வைத்து மேடையில் வைத்ததும் திரும்பி நடந்துவிட வேண்டும். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்வரை பின்னால் பார்க்கக்கூடாது. யார் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. தெரிந்தவர் குரலில்தான் கூப்பிடும் என்பார்கள். திரும்பினால் கேட்டது கிடைக்காது, கேட்டவருக்கும் ஆகாது. அங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். வேனில் வரும்போதே அக்கா எனக்கு ஞாபகப்படுத்தினார்.

"நீ வேதக்காரன்னாலும் அங்க பொறந்தவன். யாரு கூப்பிட்டாலும் திரும்பிராத செபா."

"தெரியும்க்கா" என்றேன்.

செம்பனைகள் பட்டு, காய்ந்த மட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா மேடையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வாய் திறந்து வேண்டவில்லை, உதடு மட்டும் அசைந்தது. எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டினார். தேங்காயைக் கல்லில் ஓங்கி உடைத்தார். அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் சுருட்டைப் பற்ற வைத்துக் கொடுத்தேன், அவர் மேடையில் வைத்தார், இருவரும் திரும்பினோம்.

கொஞ்ச தூரம்தான் நடந்திருப்போம்.

"ம்மா" என்று கேட்டது.

அவன் அப்படித்தான் கூப்பிடுவான், புவான். வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போதே அந்தக் குரல் எங்கள் வீடுவரை வரும். இப்போது மெலிந்திருந்தது, ஆனால் அதேதான். அக்கா அப்படியே நின்றுவிட்டார். என் கையைப் பிடித்தார். அவர் நகம் என் தோலில் இறங்கியது. இதோ, தழும்பு இன்னும் இருக்கிறது.

"ம்மா... ம்மா..."

அக்காவின் கழுத்து மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. முழுக்கத் திரும்பியிருந்தால் விறகு வாய் நேராகக் கண்ணில் பட்டிருக்கும். அதில் விரல்கள் தெரிந்திருக்கலாம். நான் அவர் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டேன். ஒரு தம்பி செய்வதைத்தான் செய்தேன்.

"அக்கா, திரும்பாதீங்க" என்றேன். "திரும்பினா அவன் கெடைக்க மாட்டான்."

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு நடந்தார், நான் கூட்டிக்கொண்டு வந்தேன். பாலம்வரை அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. பாலத்தைத் தாண்டியதும் அக்கா தரையில் உட்கார்ந்து அழுதார். வேனில் ஏறிய பிறகு கேட்டார்:

"அச்சு அசலா எம்புள்ள குரலு, செபா. நான் திரும்பல. சரியாத்தானே நடந்துகிட்டேன்?"

"சரியா நடந்துகிட்டீங்கக்கா. முனி சோதிச்சுப் பாத்துருக்கு."

"அப்ப வந்துருவான்."

"வந்துருவான்க்கா."

அன்று மாலை அவர் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார். பல நாளுக்குப் பிறகு. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

மறுநாள் போனேன். தினேஷ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அம்மாதானே அது?" நான் பொய் சொல்லவில்லை, ஆமாம் என்றேன். "காதுல விழுந்துச்சா அவங்களுக்கு?" விழுந்தது என்றேன். ஏன் வரவில்லை என்று அவன் கேட்கவில்லை. அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே, முறை தெரியும். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவே இல்லை.

தூக்குச்சட்டியைத் தள்ளினால் எடுக்க மாட்டான். அடுத்த முறை போகும்போது அதே இடத்தில் எறும்பு மொய்த்துக்கொண்டு கிடக்கும். கெஞ்சினேன். நெத்திலிச் சம்பல் என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கும் மானம் ரோஷம் இருக்கிறது, புவான். ஒருவர் முகம் கொடுத்துப் பேசாதபோது வலியப் போய் நின்றுகொண்டிருக்க முடியாது. நானும் போவதை நிறுத்திக்கொண்டேன். அவன் கோபம் ஆறட்டும், அவனாகக் கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். மழையும் பிடித்துக்கொண்டது, செம்மண் பாதையில் வேன் இறங்காது. வீட்டில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பழக்கம்தான்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மறுநடவுக்கு நிலத்தைத் துப்புரவாக்க வந்த இயந்திர ஓட்டி ஒரு சீனப் பையன். முனியும் தெரியாது, முறையும் தெரியாது. வாடை வருகிறதே என்று தாழ்ப்பாளைத் தூக்கியிருக்கிறான். உள்ளே கிடந்த தூக்குச்சட்டியின் அடியில் அருளம்மாள் பெயர் வெட்டியிருந்தது. அவள் சீதனமாகக் கொண்டுவந்த சட்டி அது. வேலை முடிந்தால் திருப்பித் தருவீர்களா?

நீங்கள் நேராகக் கேட்டீர்கள், நானும் நேராகச் சொல்கிறேன். கதவைச் சாத்தியவன் நான். திறக்காமல் விட்டவனும் நான். உள்ளே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்பது தெரியாது என்று சொல்ல மாட்டேன். மூச்சுச் சத்தம் மாறுவது எனக்குக் கேட்டது. எந்த இயந்திரம் எப்போது நிற்கும் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவன் நான். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். பெட்டியை மட்டும் குழாயடித் தொட்டியில் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். தாளில் அவன் பெயர் இருக்கிறது, அது அழியக்கூடாது.

இன்னும் ஒன்றுதான். உஷாராணி அக்கா நேற்று இங்கே வந்திருந்தாராம். பையன் எப்போது செத்தான் என்பது அவருக்குத் தெரியாது. முனியிடம் போனதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்குக் கேட்டது முனியின் குரல்தான் என்று இன்னும் நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் உட்கார்ந்து எழுகிறார். நான் சொன்னதை நீங்கள் அப்படியே கோர்ட்டில் வாசித்தால், கூப்பிட்டது தன் பிள்ளைதான், திரும்பாமல் நடந்தது தான்தான் என்று அவருக்குத் தெரிந்துபோகும். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், புவான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அப்படியொரு கொடுமையைச் செய்ய யாருக்குத்தான் மனசு வரும்?